வந்த கோழியும் இருந்த கோழியும்

 

போன மாதம் இங்கே ஒரு முட்டையின் படத்தைப் போட்டிருந்தேன். “எங்கள் வீட்டு முதல் முட்டை” என்று ஒரு வரிதான் எழுதினேன். அதற்கு வந்த பதில்களைப் படித்துவிட்டு இரண்டு நாள் சிரித்துக்கொண்டிருந்தேன். “எங்களுக்குக் கணக்கில் முட்டை போட்ட டீச்சருக்குக் கடவுள் திருப்பிப் போட்டுவிட்டார்” என்று பழைய மாணவன் ஒருவன் எழுதியிருந்தான். (உனக்கு நான் முட்டை போட்டதே இல்லை தம்பி. ஏழு போட்டிருக்கிறேன்.) வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் மகள், “ஒரு முட்டைக்கா அத்தை இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” என்று கேட்டாள்.

ஆர்ப்பாட்டம்தான். அந்த முட்டைக்காக நான் 41 நாள் காத்திருந்தேன். அதற்கும் முன்னால் இரண்டரை வருஷத்துக் கதை ஒன்று இருக்கிறது. “புதுக்கோழி வாங்கியிருக்கிறோம், முட்டையே வைக்கவில்லை, என்ன செய்வது?” என்று நாலைந்து பேர் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். அவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். டீச்சர் எழுதினால் அப்படித்தான் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முதன்முதலில் கோழி வாங்கியது 2023 பங்குனியில். பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டுக் கொல்லை சும்மா கிடக்கிறதே என்ற ஆசைதான். வாரச்சந்தைக்குப் போய் ஐந்து நாட்டுக்கோழிகள் வாங்கினேன். காலைக் கட்டித் தலைகீழாகத் தூக்கிக் கொடுத்தார்கள். அப்படியே வண்டியில் மாட்டிக்கொண்டு வந்தோம். வீட்டுக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துக் கொல்லையில் விட்டேன். அரிசியை இறைத்தேன். அவை தின்னாமல் மூலையில் போய் ஒண்டிக்கொண்டன. சாயங்காலத்துக்குள் வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கோழிகளோடு கலந்துவிட்டன. “பரவாயில்லையே, அதற்குள் பழகிவிட்டதே” என்று நான் சந்தோஷப்பட்டேன்.

பக்கத்து வீட்டு அக்காவை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் என்னிடம் படித்தவர்கள். அக்காவிடம் அப்போது 14 பெட்டைகளும் ஒரு சேவலும் இருந்தன. முட்டை விற்ற காசுதான் அவருடைய சிறுவாடு. மகனிடமும் மருமகளிடமும் கை நீட்டாமல் பேத்தியின் பஸ் காசு, தன்னுடைய மாத்திரை, கோயிலுக்குக் காணிக்கை எல்லாம் அதிலிருந்துதான். அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பார்.

ஐந்தாம் நாள் என் கோழிகளில் ஒன்று வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. எச்சம் பச்சையும் வெள்ளையுமாக இருந்தது. மறுநாள் அது செத்துக் கிடந்தது. அடுத்த மூன்று நாளில் இன்னும் மூன்று போயின. ஒன்றுக்குக் கழுத்து திருகிக்கொண்டு, தலை முதுகுப் பக்கம் பார்த்தபடி இருந்தது. அந்தக் காட்சியை நான் இப்போதும் மறக்க முடியாமல்தான் இருக்கிறேன். இரண்டாம் வாரத்தில் அக்கா வீட்டுக் கோழிகள் விழ ஆரம்பித்தன. மொத்தம் 11 பெட்டைகள். மூன்றும் சேவலும் மட்டும் பிழைத்தன.

என் மாணவன் ஒருவன் கால்நடை மருத்துவராக இருக்கிறான். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வான். அவனுக்குப் போன் செய்தேன். நான் விவரம் சொல்லி முடிப்பதற்குள், “வெள்ளைக்கழிச்சல் மாதிரிதான் தெரியுது டீச்சர்” என்றான். ராணிக்கெட் நோய் என்றும் சொல்வார்கள். 1920-களில் உத்தராகண்ட் மலையில் இருக்கும் ராணிக்கேத் என்ற ஊரில் கண்டறியப்பட்டதால் நம் நாட்டில் அந்தப் பெயர். வைரஸ் நோய். வந்தபின் அதற்கு மருந்து கிடையாது, வரும் முன் போடும் தடுப்பூசி மட்டும்தான். எச்சம், மூக்குச் சளி, தண்ணீர்ப் பாத்திரம், நம் செருப்பு, எல்லாவற்றின் வழியாகவும் பரவும்.

“ஆனா வாங்குறப்ப நல்லாத்தானேப்பா இருந்துச்சு?” என்றேன்.

“நல்லா இருக்குற கோழிதான் டீச்சர் சீக்கைக் கொண்டுவரும். சீக்குக் கோழியை யாரு வாங்குவா?” என்றான். நோய்க்கிருமி உள்ளே போய், அறிகுறி வெளியே தெரிவதற்குப் பெரும்பாலும் ஐந்தாறு நாள் ஆகுமாம், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகுமாம். சந்தையில் பல ஊர்க் கோழிகள் ஒன்றாகக் கிடக்கும். எது எதைக் கொண்டுவந்தது என்று யாருக்குத் தெரியும்? புதுக்கோழியை ஒரு மாதமாவது தனியே வைத்திருக்க வேண்டும் என்று அவன் அப்போதுதான் சொன்னான்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் ஊரில் எல்லோரும் “பங்குனி வெயிலு, சீக்கு வர்ற காலம்” என்றுதான் பேசிக்கொண்டார்கள். அக்காவும் திண்ணையில் உட்கார்ந்து, “எல்லாம் காலக் கொடுமை” என்றார். நான் “ஆமாக்கா” என்றேன்.

அந்த “ஆமாக்கா” இரண்டரை வருஷம் என் தொண்டையில் கிடந்தது.

வகுப்பில் சாக்பீஸ் டப்பா உடைந்தாலோ, யாருடைய பேனாவாவது காணாமல் போனாலோ நான் என்ன சொல்வேன் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். “உண்மையைச் சொன்னா டீச்சர் அடிக்க மாட்டேன்.” எத்தனை பேர் அழுதுகொண்டே எழுந்து நின்றிருக்கிறீர்கள்! ஆறு வயதுப் பிள்ளைகளிடம் நான் கேட்டு வாங்கிய ஒன்றை அறுபது வயதைத் தாண்டிய என்னால் செய்ய முடியவில்லை.

சித்திரையில் மூவாயிரம் ரூபாயை ஒரு கவரில் போட்டு அக்காவிடம் கொடுத்தேன். “கோழி வாங்கிக்கங்கக்கா” என்றேன்.

“எதுக்கு டீச்சரம்மா?” என்று கேட்டார்.

“சும்மாதான்க்கா.”

“சும்மா குடுக்குற காசு எனக்கு வேணாம்” என்று கவரைத் திண்ணையிலேயே வைத்துவிட்டார். அதன் பிறகும் வருவார், போவார், பேசுவார். ஆனால் திண்ணையோடு சரி. எங்கள் கொல்லைப் பக்கம் அவர் கால் வைக்கவே இல்லை.

இந்த வருஷம் ஆடி மாதம் மறுபடி கோழி ஆசை வந்தது. மாணவனிடம் கேட்டபோது, ஒழுங்காகத் தடுப்பூசி போட்டு வளர்க்கும் ஒருவரிடம் சொல்லி வைப்பதாகச் சொன்னான். வாங்குவதற்கு முன்னால் அக்காவிடம் போனேன். அவர் முறத்தில் மொச்சை புடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன். “அக்கா, அந்தச் சீக்கு என் கோழிகிட்ட இருந்துதான் வந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும்.”

அவர் புடைப்பதை நிறுத்தவில்லை. “எனக்கும் அப்பவே தெரியும் டீச்சரம்மா. நீங்க எப்பச் சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “வாங்குங்க. ஆனா ஒரு மாசத்துக்கு வெளிய விட்றாதீங்க” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஆவணி முதல் வாரத்தில் ஆறு கோழிகள் வந்தன. நாலு விடைக்கோழிகள், ஐந்து மாதம் முடிந்தவை, இன்னும் முட்டை வைக்காதவை. இரண்டு, ஏற்கெனவே ஒரு ஈடு முட்டை வைத்து முடித்தவை. எல்லாம் சிறுவிடை ரகம். இந்த முறை காலைக் கட்டவில்லை. காற்றோட்டமான கூடையில் வைத்து, மேலே ஈரச்சாக்குப் போட்டு, வெயில் தாழ்ந்தபின் கொண்டுவந்தோம். வரும்போதே அவை அங்கே தின்றுகொண்டிருந்த தீவனத்தில் ஐந்து கிலோ கேட்டு வாங்கி வந்தேன். இடமும் புதுசு, ஆட்களும் புதுசு, சாப்பாடும் புதுசு என்றால் எந்த உயிர்தான் தாங்கும்? அந்தத் தீவனத்தோடு நம் வீட்டுக் கம்பையும் குருணையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பத்து நாளில் மாற்றிக்கொண்டேன்.

கூண்டை அக்கா வீட்டு வேலியிலிருந்து தள்ளி, கொல்லையின் அந்தக் கோடியில் வைத்தோம். அங்கே போவதற்கென்று தனிச் செருப்பு. காலையில் அக்கா வீட்டுக்குப் போகும் வேலை இருந்தால் முதலில் அங்கே போய்விட்டு வந்துதான் என் கோழிகளிடம் போவேன். திருப்பிப் போகமாட்டேன். இருட்டியபின் கோழிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குறுக்குக் கம்பில் உட்கார வைத்தேன். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. அதனால் ஓடாது, சண்டை போடாது. விடிந்து பார்க்கும்போது அந்த இடத்திலேயே கண் விழிக்கும். “நான் இங்கேதான் தூங்கினேன்” என்பது அதன் மனதில் பதிவதுதான் பழக்கத்தின் முதல் பாடம்.

முதல் நாள் தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்து வைத்தேன். பயணக் களைப்புக்கு நல்லது. குடித்தன. தீவனத்தைத் தொடவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளாமல் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். நான் போகும்போதெல்லாம் அவை மூலையில் போய்க் குவிந்தன. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நீ பாக்கப் போறதே ஏ.இ.ஓ. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த மாதிரி இருக்கு. அதுங்க எப்படிச் சாப்பிடும்?” சிரிப்பு வந்தாலும் உண்மை அதுதான். அதன்பிறகு காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, பொழுது சாயும்போது ஒருமுறை. அதே நேரம், அதே பாத்திரம், அதே குரல். “பா... பா... பா...” என்று கூப்பிட்டுத் தீவனம் வைப்பேன். ஒரு வாரத்தில் என் செருப்புச் சத்தத்துக்கே கதவருகில் வந்து நின்றன.

அடுத்தது சண்டை. நாலு விடைக்கோழிகளும் ஒரே கூட்டத்தில் வளர்ந்தவை. பெரியவை இரண்டும் வேறு கூட்டம். மூன்று நாள் ஒரே கொத்துதான். கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டெரூப் எப்பே என்பவர் 1920-களின் தொடக்கத்திலேயே அதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். சிறுவயதில் ஆரம்பித்துக் கோழிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தவராம். வரிசை முடிவாகும் வரை சண்டை இருக்கும், முடிவாகிவிட்டால் அடங்கிவிடும். நாம் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ரத்தம் வந்தால் மட்டும் பிரித்துவிட வேண்டும்.

இந்த வரிசையில் கடைசியில் நின்றது சாம்பல் நிற விடைக்கோழி. தீவனத்திடம் வந்தாலே ஒரு கொத்து. அதற்கு நான் செய்தது ஒன்றுதான். தீவனத் தட்டு இரண்டு, தண்ணீர்ப் பாத்திரம் இரண்டு, ஒன்றிலிருந்து ஒன்று தெரியாத தூரத்தில் வைத்தேன். ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கயிற்றில் தொங்கவிட்டேன். கொத்துவதற்கு வேலை இருந்தால் ஒன்றையொன்று கொத்துவது குறையும். இதை நான் கோழி வளர்ப்பில் கற்கவில்லை. மூன்றாம் வகுப்பில் கற்றது. வருஷத்தின் நடுவில் வேறு ஊரிலிருந்து வந்து சேரும் பிள்ளையை முதல் நாளே எழுப்பிப் பாடம் சொல்லச் சொன்னால் என்ன ஆகும்? நான் முதல் வாரம் அதைக் கேள்வியே கேட்கமாட்டேன். கரும்பலகை துடைக்கிற வேலையை மட்டும் கொடுப்பேன்.

பத்தாம் நாள், கோழிகள் நன்றாகத் தின்ன ஆரம்பித்தபின் மாணவன் வந்தான். வந்த அன்றே ஊசி போடக்கூடாதா என்று கேட்டேன். “களைச்சுப் போயிருக்குற உடம்புக்குத் தடுப்பூசி போட்டா சரியா வேலை செய்யாது டீச்சர்” என்றான். குடற்புழு மருந்துக்கும் அளவு எழுதிக் கொடுத்தான். தடுப்பூசிக்கு நாம் பெரிய செலவு செய்ய வேண்டியதில்லை. அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டாலே சொல்வார்கள். பிப்ரவரி மாதம் கழிச்சல் நோய்க்கு ஊர் ஊராக இரண்டு வாரம் முகாமும் நடத்துகிறார்கள். 2023-இல் அந்த முகாம் எங்கள் ஊருக்கு வந்தபோது என்னிடம் கோழி இல்லை. அடுத்த மாதம் வாங்கினேன், விசாரிக்கவில்லை.

உடைந்த பானையின் அடிப்பாகத்தில் அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து வைத்தேன். கோழிகள் அதில் புரண்டு குளிக்கும். கோழிப்பேன் ஒழியும். ஒரு கோழி மண்ணில் புரண்டு, ஒரு பக்கம் சிறகை விரித்துக் கண்ணை மூடிப் படுத்துவிட்டால், அதற்கு நம் வீட்டில் பயம் போய்விட்டது என்று அர்த்தம். எங்களுக்கு அது 13-ஆம் நாள் நடந்தது. சாம்பல் நிறக் கோழி 20-ஆம் நாள்தான் குளித்தது.

முப்பது நாள் முடிந்தபின் கதவைத் திறந்தேன். காலையில் அல்ல, பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால். தூரம் போக நேரம் இருக்காது, இருட்டினால் தெரிந்த கம்புக்குத் தானாகத் திரும்பும். ஆறும் திரும்பின. நான் எண்ணிப் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் அக்காவும் எண்ணிக்கொண்டிருந்தது தெரிந்தது. அப்போது அவரிடம் பெட்டைகள் ஒன்பதாகியிருந்தன. அவருடைய சேவல் மறுநாளே வேலி தாண்டி வந்துவிட்டது.

எல்லாம் சரி, முட்டை எங்கே?

இந்தக் கேள்வியைத்தான் நீங்களும் கேட்கிறீர்கள். ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. மஞ்சள் கரு சூலகத்திலிருந்து விடுபட்டு, அதைச் சுற்றி வெள்ளைக் கரு சேர்வதற்குச் சில மணி நேரம். ஓடு கட்டுவதற்கு மட்டும் சுமார் 20 மணி நேரம். அந்த ஓட்டில் சுமார் இரண்டு கிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கும். தன் உடம்பிலிருந்து அத்தனையையும் எடுத்துக் கொடுக்கிற காரியம் இது. பயந்துபோன கோழியின் உடம்பு முதலில் நிறுத்துவது இந்தச் செலவைத்தான். முட்டை வைத்துக்கொண்டிருந்த கோழிகூட இடம் மாறினால் சில நாள், சில வாரம் நிறுத்திவிடும். எங்கள் பெரிய கோழிகள் இரண்டில் ஒன்று அப்படி நிறுத்தியதோடு இறகும் உதிர்க்க ஆரம்பித்துவிட்டது. இறகு உதிர்க்கும் கோழியிடம் இரண்டு மூன்று மாதம் முட்டையை எதிர்பார்க்கக் கூடாது.

நாமக்கல் பக்கம் பண்ணைகளில் இருக்கும் வெள்ளைக் கோழி வருஷத்துக்கு முந்நூறு வைக்கும். அது அதற்கென்றே உருவாக்கப்பட்ட இனம். நம் நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்குப் பத்து பதினைந்து வைத்துவிட்டு அடைக்குப் படுத்துவிடும். வருஷத்துக்கு அறுபது எண்பது வைத்தாலே நல்ல கோழி. விடைக்கோழி முதல் முட்டை வைக்க ஆறு மாதம், சிலது ஏழு மாதம்கூட ஆகும். “விளக்குப் போட்டால் சீக்கிரம் வைக்குமாமே?” என்று ஒருவர் கேட்டிருந்தார். வெளிச்சம் முட்டையைத் தூண்டும் என்பது உண்மைதான். ஆனால் குளிர் நாடுகளில் பகல் எட்டு மணி நேரமாகச் சுருங்கும். நம் ஊரில் மார்கழிக்கும் ஆனிக்கும் பகலில் ஒரு மணி நேரம் சொச்சம்தான் வித்தியாசம். வீட்டுக் கோழிக்கு விளக்குத் தேவையில்லை.

தேவைப்படுவது ஒரு மறைவான இடம். இரண்டு பழைய கூடைகளில் வைக்கோல் போட்டு, இருட்டான மூலையில் வைத்தேன். இரவில் கோழிகள் அதிலேயே ஏறிப் படுத்து எச்சமிட்டன. பிறகுதான் தவறு புரிந்தது. படுக்கும் கம்பு கூடையைவிட உயரத்தில் இருக்க வேண்டும், கோழி உயரமான இடத்தைத்தான் தேடும். கம்பை உயர்த்தி, ஒரு வாரம் சாயங்காலத்தில் கூடைகளைச் சாக்கால் மூடி வைத்தேன். சரியானது. ஒவ்வொரு கூடையிலும் ஒரு வெள்ளைக் கூழாங்கல் வைத்தேன். இது முட்டை வைக்கும் இடம் என்று காட்டுவதற்கு. அந்தக் கூழாங்கற்கள் உங்களுக்கும் தெரிந்தவைதான். கூட்டல் கழித்தலுக்காக நான் ஒரு டப்பாவில் வைத்திருப்பேனே, அதிலிருந்து எடுத்தவை.

இன்னொரு தட்டில் கிளிஞ்சலை இடித்து வைத்தேன். தீவனத்தோடு கலக்கக் கூடாது. முட்டை வைக்காத கோழிக்கு அதிகச் சுண்ணாம்பு கெடுதல். தனியே வைத்தால் வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும்.

நாற்பது நாள் நெருங்கும்போது செவலை விடைக்கோழியின் கொண்டை சிவக்க ஆரம்பித்தது. முதுகில் கை வைத்தால் ஓடாமல் பதுங்கி உட்கார்ந்தது. இவையெல்லாம் முட்டைக்கு அறிகுறி என்று மாணவன் சொல்லியிருந்தான். ஆனால் அன்று காலையில் எனக்கு முன்னால் தெரிந்துகொண்டவர் அக்கா. நான் அடுப்படியில் இருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“டீச்சரம்மா, உங்க செவலை கேறுது. இன்னிக்கு வச்சுரும். கிட்டப் போகாதீங்க.”

போகவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கொல்லையே அதிரும்படி கொக்கரித்தது. நான் போவதற்குள் அக்கா வந்துவிட்டார். இரண்டரை வருஷத்துக்குப் பிறகு எங்கள் கொல்லைக்குள். வாசலில் நின்று, “செருப்பைக் கழட்டிட்டு வரவா?” என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. “வாங்கக்கா” என்றேன்.

கூழாங்கல்லுக்குப் பக்கத்தில் முட்டை இருந்தது. இளஞ்சூடு. சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன், 38 கிராம். நீங்கள் பார்த்த படம் அதுதான். படம் எடுத்ததும் அதை அக்காவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. “மொத முட்டைய எடுத்தா எப்படி? கூடையிலயே விடுங்க. அதைப் பாத்துத்தான் மத்ததும் வைக்கும்” என்றார். கூழாங்கல் வைத்திருக்கிறேனே என்றேன். “கல்லு கல்லுதான், முட்டை முட்டைதான்” என்றார். மறுபேச்சுப் பேசாமல் கூடையில் வைத்துவிட்டேன். மறுநாள் அடுத்த முட்டை வந்தபின் அதைப் பென்சிலால் குறியிட்டேன்.

வந்தது புரட்டாசி மாதம் என்பதால் எங்கள் வீட்டுக்காரர் முட்டையைத் தொடவே இல்லை. அடுத்த இரண்டு வாரத்தில் மற்ற இரண்டு விடைக்கோழிகளும் வைக்க ஆரம்பித்தன. ஒருநாள் ஒரு தோல்முட்டை வந்தது. புதுக்கோழிக்கு ஆரம்பத்தில் அப்படி ஒன்றிரண்டு வருவது சகஜம்தான். பயப்பட வேண்டாம்.

அந்தச் சமயத்தில் அக்காவின் கோழி ஒன்று அடைக்குப் படுத்தது. “உங்க முட்டை இருந்தா குடுங்க, வச்சுப் பாப்போம்” என்றார், கேட்டதே போதும் என்று இருந்தது எனக்கு. ஒரு வாரத்துக்குள் வந்த முட்டைகளை எடுத்துக்கொண்டு போனேன். அடைக்கு ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும் என்று எண்ணிப் பதினொன்று எடுத்துக்கொண்டார். வேறு கணக்கு எதுவும் அதில் இல்லை என்றுதான் நினைக்கிறேன். இடிக்கு ஆகாது என்று ஒரு இரும்புத் துண்டும் கரித்துண்டும் கூடையில் போட்டார்.

எட்டாம் நாள் இரவு இருவரும் டார்ச் அடித்துப் பார்த்தோம். இரண்டு கூமுட்டை. ஒன்பதில் சிலந்தி வலை மாதிரி ரத்த நரம்பு ஓடியது. இன்று பன்னிரண்டாம் நாள். 21-ஆம் நாள் தெரியும்.

சாம்பல் நிறக் கோழி இன்னும் முட்டை வைக்கவில்லை. கொண்டை வெளுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்றவை கொத்தினால் இப்போது ஓடுவதில்லை, ஒதுங்கி நின்று மறுபடி தட்டுக்கு வருகிறது. நான் அவசரப்படவில்லை.

கோழி வாங்கப் போகிறவர்களுக்கு: ஒரு மாதம் தனியே வையுங்கள். தடுப்பூசி போடுங்கள். செத்ததை ஓடையில் வீசாமல் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். ஏதாவது தவறிப்போனால் பக்கத்து வீட்டுக்கு அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். சொன்னால் யாரும் அடிக்க மாட்டார்கள்.

இதை இங்கே போடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். “போடுங்க. எம் பேத்தி படிச்சுக் காட்டுவா” என்றார்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்